டெல்டாவில் தெற்காசியப் போட்டியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பொங்கலுக்கு எங்கள் ஊர்க் கபடிப் போட்டியின் பரிசளிப்பில் மைக் கையில் கிடைத்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. “தெற்காசிய நாடுகள் எல்லாம் வந்து ஆடுகிற ஒரு போட்டியை நம்ம டெல்டாவிலே நடத்தினால் என்ன?” என்று கேட்டுவிட்டேன். கைத்தட்டல் அடங்குவதற்குள் ஆரம்பித்த கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. டீக்கடையில், கல்யாணப் பந்தியில், பள்ளிக்கூட வாசலில், வாட்ஸப்பில் என்று எங்கே போனாலும் அதே பேச்சு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை காய்ந்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் மன்னார்குடி வட்டாரத்தில் உடற்கல்வி ஆசிரியர். 1995 டிசம்பரில் மெட்ராஸில் நடந்த போட்டிக்குத் தன்னார்வலனாகப் போய்த் தண்ணீர் தூக்கியவன். என் தகுதி அவ்வளவுதான்.

தெற்காசியப் போட்டி என்றால் என்ன? பழைய ‘சாஃப் கேம்ஸ்’தானா?

அதேதான். 1984இல் காத்மாண்டுவில் தொடங்கியது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூட்டான், மாலத்தீவு ஆகிய ஏழு நாடுகள். முதல் தடவை ஐந்தே விளையாட்டுகள்: தடகளம், கால்பந்து, நீச்சல், குத்துச்சண்டை, பளு தூக்குதல். மறு வருடம் டாக்காவில் நடந்தபோது கபடி உள்ளே வந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடிக்கு 1990இல்தான் இடம் கிடைத்தது என்பதால், நம் சடுகுடுவுக்கு முதலில் கதவைத் திறந்தது அக்கம்பக்கத்து நாடுகள்தான்.

2004 இஸ்லாமாபாத் போட்டியில் ஆப்கானிஸ்தானும் சேர்ந்தது, ‘தெற்காசிய விளையாட்டுப் போட்டி’ என்று பெயரும் மாறியது. ஆப்கானிஸ்தான் 2016க்குப் பிறகு விலகிவிட்டது. இந்தியாவில் இதுவரை மூன்று முறை நடந்திருக்கிறது: 1987 கல்கத்தா, 1995 மெட்ராஸ், 2016 குவாஹாத்தியும் ஷில்லாங்கும் சேர்ந்து.

எத்தனை வருடத்துக்கு ஒரு முறை நடக்கும்?

ஏட்டில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. நிஜத்தில், நடக்கும்போது நடக்கும். 2006க்குப் பிறகு 2010, அப்புறம் 2016, அப்புறம் 2019. அடுத்த, அதாவது 14ஆவது போட்டியை நடத்தும் பொறுப்பு பாகிஸ்தானிடம் போனது. தேதி குறிப்பதும் தள்ளிப் போடுவதுமாக வருடங்கள் ஓடின.

நம் லட்சணமும் பெரிதாக வேறில்லை. 12ஆவது போட்டி டெல்லிக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். நடுவில் 2012 டிசம்பரில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி நம் ஒலிம்பிக் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. 2014 பிப்ரவரியில்தான் தடை நீங்கியது. கடைசியில் டெல்லிக்குப் பதில் குவாஹாத்தியிலும் ஷில்லாங்கிலும் நடந்து முடிந்தது. இந்தக் கதையை நான் குறையாகச் சொல்லவில்லை. தலைநகரத்துக்கு என்று எழுதி வைத்தது ஒரு ஓரத்து மாநிலத்துக்குப் போக முடிந்ததல்லவா? எனக்கு மைக்கில் அந்த வாய் வந்ததே அதனால்தான்.

ஒரு ஊர் நேரடியாக விண்ணப்பம் போட முடியுமா?

முடியாது. தெற்காசிய ஒலிம்பிக் கவுன்சில் என்று ஒன்று 1983இல் அமைந்தது. அதில் உறுப்பினர்கள் நாடுகளின் ஒலிம்பிக் சங்கங்கள். முதலில் நாட்டுக்கு வர வேண்டும். பிறகு மத்திய விளையாட்டு அமைச்சகமும் இந்திய ஒலிம்பிக் சங்கமும் மாநில அரசும் உட்கார்ந்து எந்த ஊர் என்று முடிவு செய்ய வேண்டும். நாம் செய்யக்கூடியது, அந்தப் பேச்சு வரும்போது நம் ஊர் தயாராக இருக்கிறது என்று காட்டுவது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்த பிறகு வீட்டுக்கு வெள்ளையடிக்கக் கூடாது.

முழுப் போட்டியையும் டெல்டாவில் நடத்திவிடலாமா?

இல்லை. இந்தப் பதிலுக்கு நிறையப் பேர் முகம் சுளித்தார்கள், ஆனாலும் இல்லை. குவாஹாத்தி, ஷில்லாங் போட்டியில் 23 விளையாட்டுகள். 50 மீட்டர் நீச்சல் குளம், துப்பாக்கி சுடும் தளம், செயற்கைப் புல் ஹாக்கி மைதானம், சைக்கிள் பந்தயத்துக்கு அடைத்துவிட்ட சாலை, இவற்றையெல்லாம் பத்துப் பன்னிரண்டு நாள் கூத்துக்காகத் தஞ்சாவூரில் கட்டிவிட்டு அப்புறம் ஆடு மேய விடுவதில் எனக்குச் சம்மதமில்லை. குவாஹாத்தியே இரண்டு ஊராகப் பிரித்துக்கொண்டது. நேபாளமும் 2019இல் காத்மாண்டுவோடு பொக்காராவையும் சேர்த்துக்கொண்டது.

அதனால் என் கணக்கு இது. பெரிய ஓட்டமும் நீச்சலும் சென்னையில் நடக்கட்டும். 1995க்காகக் கட்டிய வேளச்சேரி நீச்சல் வளாகம் அங்கே இருக்கிறது. நேரு விளையாட்டரங்கமும் இருக்கிறது. 2024 செப்டம்பரில் தெற்காசிய ஜூனியர் தடகளப் போட்டியை அதே அரங்கில் நடத்திக் காட்டினார்கள். நமக்குத் திருச்சியை வாசலாக வைத்து மூன்று விளையாட்டைத் தாருங்கள் என்று கேட்போம்: கபடி, வாலிபால், கோகோ.

ஏன் அந்த மூன்று?

ஏனென்றால் பார்க்க ஆள் வரும். காலி நாற்காலிக்கு முன்னால் ஆடுவதைவிட ஒரு விளையாட்டு வீரனுக்குக் கொடுமை கிடையாது.

வடுவூரைச் சொன்னாலே புரியும். வெளியூர்க்காரர்களுக்கு அது கோதண்டராமர் கோயிலும் பறவைகள் வரும் ஏரியும். எங்களுக்குக் கபடி. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் அபினேஷ் மோகன்தாஸ் ஆடினார் அல்லவா, அவர் வடுவூர்ப் பையன். வாலிபாலுக்கும் நம் பக்கம் கூட்டத்துக்குக் குறைவில்லை. அதுதான் நேபாளத்துக்கும் இலங்கைக்கும் தேசிய விளையாட்டு. வங்கதேசத்துக்குத் தேசிய விளையாட்டே கபடி. ஆக, வருகிறவர்களும் இந்த ஆட்டங்களை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பையன்கள் மண்ணில் வளர்ந்தவர்கள். சர்வதேசக் கபடி ‘மேட்’ என்கிற விரிப்பின் மேல் நடக்கிறது. ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரு மீட்டர் சதுரத் துண்டுகளைப் பல்லோடு பல் கோத்து விரிப்பார்கள். ஆடுகளத்துக்கு மட்டும் 130 துண்டு. சுற்றிலும் விழுந்து எழ இடம் விட்டால் இன்னும் எத்தனையோ. மண்ணில் வெறுங்காலால் ஊன்றித் திரும்புகிற பையனுக்கு மேட்டில் ஷூ போட்டால் கால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும். முழங்கால் போவது அப்படித்தான். பக்கத்து ஊரிலிருந்து மேட் இரவல் வாங்கி நாங்களே ஒரு வருடம் போட்டி நடத்தினோம். தை மாதத்துப் பனி. ராத்திரி பத்து மணிக்கு மேல் மேட் முழுக்க ஈரம். துடைக்கத் துடைக்க வேர்த்தது. ஒரு நல்ல ரெய்டர், அதாவது பாடிப் போகிறவர், எதிரணியில் ஓரத்தில் நிற்கிற கார்னர் ஆட்டக்காரரைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் உள்ளே வர முடியவில்லை. கேட்டுக்கு நேராக நாங்களே பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தோம். அன்றையிலிருந்து, மைதானத்தில் கால் வைத்தால் நான் முதலில் பார்ப்பது மேடையை அல்ல, ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் வரும் என்பதை.

எந்த மாதம் நடத்துவது?

இதற்குப் பதில் சொல்ல விளையாட்டு தெரிந்தால் போதாது, விவசாயம் தெரிய வேண்டும்.

ஜூன் 12 மேட்டூர் திறப்பு. அதிலிருந்து குறுவை, பிறகு சம்பா, தாளடி என்று டெல்டாவில் ஆள் கிடைக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பர் 16 விடிகாலையில் வேதாரண்யம் பக்கம் கஜா கரையேறியதைப் பார்த்தவர்கள் யாரும் நவம்பரில் பந்தல் போடத் துணிய மாட்டார்கள். ஜனவரியில் பொங்கலும் அறுவடையும். மார்ச் பிறந்தால் பிளஸ் டூ பரீட்சை. பள்ளிக்கூடத்தையும் தொட முடியாது, பிள்ளைகளையும் கூப்பிட முடியாது. ஏப்ரல், மே வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

மிஞ்சுவது பிப்ரவரி. அதிலும் முதல் வாரம் வேண்டாம். அறுத்த நெல்லைச் சாலையின் ஒரு பாதியில் காயப் போட்டிருப்பார்கள், கொள்முதல் நிலையங்களின் முன்னால் டிராக்டரும் லாரியும் வரிசை கட்டி நிற்கும். அணிகள் வருகிற பஸ் அதில் மாட்டினால் ஒரு மணி நேரப் பயணம் இரண்டாகும். விவசாயியைப் பார்த்து நெல்லை அள்ளு என்று சொல்லிவிட்டு நடத்துகிற போட்டி நமக்குத் தேவையில்லை. ஆக, பிப்ரவரி இரண்டாவது, மூன்றாவது வாரம். குவாஹாத்தியிலும் 2016 பிப்ரவரி 5 முதல் 16 வரைதான் நடந்தது.

2028 பிப்ரவரியில் கேட்டால்?

அந்த வருடம் கும்பகோணத்தில் மகாமகம். வேண்டவே வேண்டாம்.

அத்தனை கூட்டத்தை நம்மால் சமாளிக்க முடியுமா?

கூட்டத்தைச் சமாளிக்கத் தெரியாத ஊரா இது? திருவாரூர் ஆழித்தேர், நாகூர் கந்தூரி, வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை. குவாஹாத்தியில் போட்டி நடந்த அதே பிப்ரவரியில்தான் 2016 மகாமகமும் நடந்தது.

ஆனால் மார்தட்டிக்கொள்ள மாட்டேன். 1992 மகாமகத்தில் நெரிசலில் மாட்டி எத்தனை உயிர் போனது என்பது இங்கே பெரியவர்களுக்கு நினைவிருக்கும். உள்ளே வர ஒரு வழி, வெளியே போக வேறு வழி, முக்கியஸ்தர்கள் வருகைக்காகப் பொதுவழியை அடைக்காமல் இருப்பது. போட்டிக்கும் அதே விதிதான். திருவிழாக் கூட்டத்துக்கும் விளையாட்டுக் கூட்டத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. திருவிழாவில் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். இறுதி ஆட்டம் முடிந்தால் ஐந்து நிமிடத்தில் மொத்தக் கூட்டமும் ஒரே வாசலுக்கு வரும்.

வீரர்களை எங்கே தங்க வைப்பது? நமக்கு ஏது ஸ்டார் ஹோட்டல்?

கோயில் ஊர்கள்தான் நம் பலம். கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் நவக்கிரகச் சுற்றுலா புண்ணியத்தில் லாட்ஜுகள் இருக்கின்றன. வேளாங்கண்ணியில் செப்டம்பரில் வராந்தாவில்கூட இடம் கிடைக்காது, பிப்ரவரியில் சனி ஞாயிறு தவிர்த்து அறைகள் காலியாகக் கிடக்கும். பல்கலைக்கழக வளாகங்களும் உண்டு. தஞ்சை தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கே கிட்டத்தட்ட 1000 ஏக்கர்.

கவனிக்க வேண்டியது கட்டில். வாலிபால் ஆடுகிறவர்கள் ஆறேகால் அடி, ஆறரை அடி இருப்பார்கள். நம் லாட்ஜுக் கட்டில் ஆறடி. கால்மாட்டில் பலகை இருந்தால் அந்தப் பையன் ராத்திரி முழுக்கக் குறுக்கிக்கொண்டு படுத்து, காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவான். கால்மாட்டுப் பலகை இல்லாத கட்டிலாகப் பார்த்து எடுங்கள், அல்லது தரையில் மெத்தை போடுங்கள். சிரிக்காதீர்கள், இதெல்லாம்தான் அணி மேலாளர்கள் முதல் நாளே கேட்பது.

சாப்பாடு?

எல்லாரும் கேட்கிற, எனக்கும் பிடித்த கேள்வி.

முதலில் அரிசி. இந்த ஏழு நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு அது பழக்கம். நேபாளிக்குப் பருப்பும் சோறும் இருந்தால் போதும், ஊரை மறந்துவிடுவான். வங்கதேசத்துக்காரனுக்குச் சோறும் ஆற்றுமீனும். நம் ஊர் விராலும் கெண்டையும் அவனுக்கு அந்நியமில்லை. பூட்டான்காரர்கள் மிளகாயைக் காய்கறியாகவே சமைத்துச் சாப்பிடுகிறவர்கள், நம் காரத்தைப் பார்த்து ‘இவ்வளவுதானா’ என்பார்கள். பாகிஸ்தானியருக்கு ரொட்டி வேண்டும். அதைச் சுடச்சுடப் போட ஆள் வேண்டும், பரோட்டா மாஸ்டரை வைத்து ஒப்பேற்றக் கூடாது.

அடுத்தது ஹலால். பாகிஸ்தான், வங்கதேசம், மாலத்தீவு அணிகளுக்கு அது கட்டாயம். இதற்கு நாம் வெளியே போக வேண்டியதே இல்லை. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர்ப் பக்கம் கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்குத் தேக்சா ஏற்றி இறக்குகிற பண்டாரிகள் இருக்கிறார்கள். சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவதை மாலத்தீவுப் பையன்கள் பார்த்தால் மகிழ்ந்துபோவார்கள். ஆட்டம் முடிந்த பிறகு என்றால் சரி. ஆட்டத்துக்கு முன்னால் நெய்ச்சோறு போட்டு எதிரணிக்கு உதவி செய்யாதீர்கள்.

எடைப் பிரிவு உள்ள ஆட்டங்களில் இன்னொரு சங்கடம். கபடியிலும் ஆண்களுக்கு 85 கிலோ, பெண்களுக்கு 75 கிலோ என்று வரம்பு உண்டு. எடை பார்க்கிற நாள் காலையில் பட்டினியாக வருவார்கள், பார்த்து முடிந்ததும் பேய்ப்பசி எடுக்கும். காலை ஏழு மணிக்குச் சாப்பாட்டுக்கூடம் மூடி என்று பலகை மாட்டினால் அன்றைக்குக் கலவரம்தான்.

மொழி தெரிந்தவர்களுக்கு எங்கே போவது?

கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். நாற்று நடவுக்கு இப்போது மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வங்கதேச அணிக்கு மொழிபெயர்க்க அவர்களில் ஓர் இளைஞரைக் கூப்பிட்டால், மைக்கில் பேசுகிற யாரையும்விட நன்றாகப் பேசுவார். ஹோட்டல்களில் நேபாளத்துப் பையன்கள். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் இலங்கையிலிருந்து யாத்திரை வருகிறவர்கள் அதிகம் என்பதால், வேளாங்கண்ணியில் மெழுகுவத்தி விற்கிற சிலர் சிங்களத்தில் விலை சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

மீனவர் பிரச்சினை இருக்கும்போது இலங்கை அணிக்கு மாலை போடச் சொல்கிறீர்களா?

இந்தக் கேள்வி நாகப்பட்டினத்திலிருந்து வந்தது. கேட்டவரின் மச்சான் படகு இலங்கைக் கடற்படையிடம் இருக்கிறது. அவரிடம் சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். 1995 ஜனவரியில் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோதே பேராசிரியர் கா. சிவத்தம்பி உள்ளிட்ட இலங்கைத் தமிழறிஞர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2012 செப்டம்பரில் சென்னையில் ஆட வந்த இலங்கைக் கால்பந்து அணி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. அதே வாரம் நம் பூண்டி மாதா கோயிலுக்கு வந்த இலங்கை யாத்திரிகர்களை முற்றுகையிட்டார்கள், திருச்சி விமான நிலையம் போகும் வழியில் அவர்கள் பஸ் மீது கல் விழுந்தது. 2013இல் சென்னைக்கு வரவேண்டிய ஆசிய தடகளப் போட்டி, இலங்கை அணியை ஏற்க மாநில அரசு மறுத்ததால், புனேவுக்குப் போனது. 2009இல் நடந்ததை நினைத்தால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்கும் புரிகிறது. அந்தப் பூண்டி பஸ்ஸில் இருந்தவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் இருந்திருப்பார்கள் என்பதும் புரிகிறது.

பிறகு காற்று மாறியது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். மழைக்காலத்தில் நின்றுபோய், 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. 2024 செப்டம்பரில் சென்னை ஜூனியர் தடகளத்துக்கு இலங்கைப் பிள்ளைகள் வந்து ஓடி, பதக்கம் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு கல் விழவில்லை.

என் கருத்து? படகுக்காகப் போராட வேண்டிய இடம் டெல்லியும் கொழும்பும். பத்தொன்பது வயது ஓட்டக்காரியிடம் படகைக் கேட்க முடியாது. இன்னொன்று, இலங்கைக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் முதல் தங்கம் வாங்கிக் கொடுத்தவர் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்துத் தமிழர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1958 டோக்கியோ, உயரம் தாண்டுதல். அந்த மண்ணிலிருந்து வருகிற பிள்ளை இலங்கை பனியன் போட்டுக்கொண்டுதான் வரும். அதை எந்த வாசலில் நிறுத்துவீர்கள்?

கேட்டவர் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. “போட்டி நடக்கட்டும், நான் பார்க்க வர மாட்டேன்” என்றார். அவர் வராமல் இருப்பதற்கும் நியாயம் இருக்கிறது.

பாகிஸ்தான் அணி வருமா?

நம் கையில் இல்லை. விசா டெல்லியின் வேலை. 2016இல் குவாஹாத்திக்கு வந்தார்கள், 2024இல் சென்னைக்கும் வந்தார்கள். 2025 கடைசியில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கிக்கு வரவில்லை, ஓமன் வந்தது. அட்டவணை போடும்போதே ஓர் அணி வராவிட்டால் பிரிவுகளை எப்படி மாற்றுவது என்று இன்னொரு தாள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

எப்படியும் இந்தியாதானே எல்லாத் தங்கத்தையும் அள்ளும்? இதில் பார்க்க என்ன இருக்கிறது?

அள்ளும். 2016இல் 188 தங்கம். 2019இல் 174. பட்டியலைப் பார்த்தால் பெரிய வீட்டுப் பிள்ளை தெருப் பிள்ளைகளோடு கோலி ஆடியது போலத்தான் இருக்கும்.

ஆட்டத்தைப் பாருங்கள். 2016 கபடி ஆண்கள் இறுதி ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை வென்றது 9-8 என்ற கணக்கில். ஒரே ஒரு புள்ளி. கபடியில் இரண்டு அணியும் சேர்ந்து 17 புள்ளி என்றால் ஒவ்வொரு ரெய்டுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதே போட்டியில், சொந்த மண்ணில், கால்பந்து இறுதியில் இந்தியா நேபாளத்திடம் 2-1 என்று தோற்றது. 2019இல் கால்பந்து இறுதிக்கு வந்தவை நேபாளமும் பூட்டானும். அந்த வருடம் சொந்த ஊரில் நேபாளம் 51 தங்கம் வாங்கியது. 2015 நிலநடுக்கத்தில் சேதமாகி, சரிசெய்து திறந்த தசரத் அரங்கத்தில் தேசிய கீதம் ஒலித்தபோது அந்தச் சனம் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

நம் திருச்சிப் பக்கமும் விட்ட குறை தொட்ட குறை உண்டு. லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ், 2016 குவாஹாத்தியில் 400 மீட்டர் ஓடியவர்.

ஊக்கமருந்து சோதனைக்குத் தனி ஏற்பாடு வேண்டுமாமே?

ஆமாம், அதுவும் கழிப்பறையோடு சேர்ந்த பூட்டக்கூடிய அறை. ஆட்டம் முடிந்ததும் குறிப்பிட்ட வீரரின் பின்னாலேயே ஓர் உதவியாளர் நிழல் மாதிரி போவார். சிறுநீர் குறைந்தது 90 மில்லி வேண்டும். அதுவும் ஓர் அதிகாரி எதிரே நின்று பார்க்க. பெண் வீரருக்குப் பெண் அதிகாரி. இரண்டு பாட்டிலில் ஊற்றி வீரர் கையாலேயே மூடி முத்திரை வைக்க வேண்டும். வேர்த்து விறுவிறுத்து ஆடிய உடம்பில் 90 மில்லி சுலபமாக வராது. மூன்று மணி நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தண்ணீரும் சீல் உடைக்காத பாட்டிலாக இருக்க வேண்டும். பாசத்தில் யாராவது பானகம் கரைத்துக் கொண்டுவந்து நீட்டினால் வாசலிலேயே நிறுத்துங்கள்.

கொடி, தேசிய கீதம் இதெல்லாம் சின்ன விஷயம்தானே?

இதில் தப்பினால் அடுத்த நாள் வெளியுறவுத் துறையிலிருந்து போன் வரும். நேபாளக் கொடி செவ்வகம் கிடையாது, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முக்கோணம். மொத்தமாகத் தைக்கக் கொடுத்தால் தையல்காரர் துணி மிச்சமாகிறதே என்று சதுரமாக்கிவிடுவார். இலங்கைச் சிங்கம் கம்பத்தைப் பார்த்து நிற்கும், பூட்டான் டிராகன் கம்பத்துக்கு முதுகைக் காட்டும். வங்கதேசத்துச் சிவப்பு வட்டம் நட்டநடுவில் இல்லை, கம்பத்துப் பக்கம் கொஞ்சம் தள்ளியிருக்கும். ஓர் ஆளை இதற்கென்றே வைத்து, ஏற்றுவதற்கு முன்னால் தரையில் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கீதத்தில் ஒரு வேடிக்கை. இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் எழுதியவர் ஒருவரே, தாகூர். ஒலிப்பதிவுக் கோப்புக்குத் ‘தாகூர்’ என்று பெயர் வைத்துவிடாதீர்கள்.

சின்னமாக எதை வைக்கலாம்?

குவாஹாத்தியில் காண்டாமிருகக் குட்டி ‘திகோர்’. 2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடுக்கு வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’. நமக்குத் தலையாட்டி பொம்மை என்று பலர் சொன்னார்கள். நான் மடையானைச் சொன்னேன். வயல் வரப்பில் அசையாமல் நின்று, நேரம் பார்த்துப் பாய்கிற பறவை, நல்ல கபடி டிஃபெண்டர் மாதிரி. “மடையன்னு படிச்சிட்டா என்ன சார் பண்றது?” என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். யோசனையை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு அந்த அரங்கங்கள் என்ன ஆகும்?

என்னைத் தூங்க விடாத கேள்வி இது. குவாஹாத்தி சருசஜாய் அரங்கத்தைப் பாருங்கள். 2007 தேசியப் போட்டிக்குக் கட்டினார்கள், 2016இல் தெற்காசியப் போட்டி, 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்து. ஒன்றுக்குக் கட்டியது மூன்றுக்கு உதவியது. வேளச்சேரிக் குளமும் அப்படித்தான், முப்பது வருடமாகப் பிள்ளைகள் நீந்துகிறார்கள்.

மறுபக்கம், ஒரு விழாவுக்காக வாங்கிய மேட் சுருட்டி அறையில் பூட்டப்பட்டு, எலி கடித்து, மூன்றாம் வருடம் குப்பைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். சாவி ஒருவரிடம் இருந்தது, அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அதனால் கேட்கும்போதே எழுதிக் கேட்போம்: போட்டி முடிந்த மறுநாள் எந்த மேட் எந்தப் பள்ளிக்கு, சாவி யாரிடம், இரண்டாவது சாவி யாரிடம்.

தன்னார்வலராக வந்தால் ஆட்டம் பார்க்கலாமா?

பார்க்க முடியாது. 1995இல் ஊரில் எல்லாரும் ‘நேரிலே பார்த்தியா?’ என்று கேட்டார்கள். நான் பார்த்தது அரங்கத்துக்கு அடியில் ஒரு நடைபாதை. மேலே கூட்டம் கத்தினால் காங்கிரீட் அதிரும், யாரோ ஜெயித்துவிட்டார்கள் என்று தெரியும். நாலாவது நாள் மாலத்தீவு ஓட்டக்காரர் ஒருவர் கடைசியாக வந்து முடித்துவிட்டு, அந்த நடைபாதையில் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, தன் விரலைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னார். கடைசியில் புரிந்தது. தோற்றதைப் பற்றி இல்லை, அவர் வாழ்க்கையிலேயே மிக வேகமாக ஓடியது அன்றைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு நான் பார்த்த ஆட்டம் என்று கணக்கு உண்டானால், பார்த்தேன்.

சரி வாத்தியாரே, முதல் வேலை என்ன?

வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நாங்கள் மூன்று பேர் உள்ளரங்கத்தை அளக்கப் போகிறோம். வாலிபாலுக்குக் களத்துக்கு மேலே குறைந்தது ஏழு மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும். சர்வதேச ஆட்டம் என்றால் இன்னும் அதிகம். கூரை உயரம் போதும் என்றாலும், நடுவில் தொங்குகிற மின்விசிறியும் விளக்கும் எவ்வளவு இறங்கியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். அப்புறம் பெண்கள் பக்கம் எத்தனை கழிப்பறை, அதில் எத்தனைக்குத் தாழ்ப்பாள் விழுகிறது என்ற கணக்கு. அதற்கு எட்டாம் வகுப்பு மாணவியின் அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். டேப், நோட்டு, ஸ்க்ரூ டிரைவர் எங்களிடம் இருக்கிறது. உயரமான ஏணி யாரிடமாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவும்.